எண்ணச் சுழற்சி நோயும் எம்மவர் மௌனமும்

எம்மவர் இல்லங்களில் நோய்கள் இரு வகையாக நோக்கப்படுகின்றன. வெளியே சொல்லத்தக்கவை ஒரு வகை, சொல்லத்தகாதவை மறுவகை. நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல் என்பன பற்றிப் பிறந்தநாள் விழாக்களிலும் அந்தியேட்டி வீடுகளிலும் தாராளமாக உரையாடுகின்றோம். மாத்திரைகளின் நிறத்தைக்கூட ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கின்றோம். மனத்தின் நோய் என்றவுடன் கதவு சாத்தப்பட்டு விடுகின்றது. அவ்வாறு சாத்தப்பட்ட கதவுகளின் பின்னே வாழும் நோய்களுள் ஒன்று, ஆங்கிலத்தில் ஓ.சீ.டி. எனச் சுருக்கி அழைக்கப்படுவதும் தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என எழுதப்பட்டு வருவதுமான நோயாகும். இதற்குச் சிகிச்சை உண்டு. பிரித்தானியாவில் அச்சிகிச்சை இலவசமாகவே கிடைக்க வேண்டியது. அது எம்மவர்க்குக் கிட்டாமற் போவதற்குக் காத்திருப்போர் வரிசையின் நீளம் ஒரு காரணம். நாம் இந்நோயை எந்தச் சொல்லால் சொல்கின்றோம் என்பது மற்றொரு காரணம். முதலாவதைப் பற்றி இந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதுகின்றன. இரண்டாவதைப் பற்றி நாம்தான் எழுதவேண்டும்.

இந்நோய்க்கு இரண்டு பாகங்கள் உண்டு. முதலாவது, அழையாமல் வந்து மனத்திற் புகுந்து அகல மறுக்கும் எண்ணம். கையில் அழுக்கு ஒட்டியிருக்கின்றது, அடுப்பை அணைக்கவில்லை, வீதியில் எவரையோ வாகனத்தால் மோதிவிட்டேன், சுவாமி படத்தின் முன்னே தகாத சொல்லொன்று மனத்தில் எழுந்துவிட்டது என்றவாறு அது பல உருவங் கொள்ளும். இரண்டாவது, அந்த எண்ணம் தரும் பதகளிப்பைத் தணிப்பதற்காகத் திரும்பத் திரும்பச் செய்யப்படும் செயல். கழுவுதல், பூட்டைப் பார்த்தல், எண்ணுதல், அடுக்குதல், மனத்துக்குள் ஒரு வாக்கியத்தை உருப்போடுதல், "ஒன்றும் நடக்கவில்லைத்தானே?" என்று வீட்டாரிடம் ஓயாது கேட்டல் ஆகிய யாவும் இதனுள் அடங்கும். செயலைச் செய்தவுடன் சற்று ஆறுதல் கிட்டும். அந்த ஆறுதலே நோய்க்கு உணவாகின்றது. சில நிமிடங்களில் ஐயம் மீண்டும் எழும். இம்முறை கூடுதலான தடவை கழுவினாலன்றி அடங்காது. நாளொன்றில் ஒரு மணித்தியாலத்திற்கு மேல் இதிற் கழியுமாயின், அல்லது இதனால் வேலையும் படிப்பும் குடும்ப வாழ்வும் குலையுமாயின், மருத்துவர் இதனை நோயெனக் கொள்வர். நூறு பேரில் ஒருவர் அல்லது இருவர் வாழ்நாளில் இதற்கு ஆளாகின்றனர். பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலோ இருபது வயதை அண்டியோ தலைகாட்டும். எழுதியதை அழித்து அழித்துத் தாள் கிழியும்வரை மீள எழுதும் பிள்ளையை அறியாத ஆசிரியர் இருக்க முடியாது. அத்தகைய பிள்ளைகள் எல்லோரும் நோயாளரல்லர், சிலர் நோயாளர்.

இங்கு வளரும் எமது இளைஞர் மேசையை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு "எனக்குக் கொஞ்சம் ஓ.சீ.டி." என்று சிரித்துக்கொள்கின்றனர். நீரிழிவைப் பற்றி எவரும் அவ்வாறு பகிடி விடுவதில்லை.

ஆங்கில இலக்கியம் பயின்றோருக்கு இவ்விடத்தில் மக்பெத் சீமாட்டி நினைவுக்கு வரலாம். உறக்கத்தில் நடந்து, கையிலுள்ள இரத்தக்கறையைக் கழுவ முயலும் அக்காட்சியை இந்நோய்க்கு எடுத்துக்காட்டாகக் கூறுவோரும் உளர். எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. அச்சீமாட்டி உண்மையாகவே ஒரு கொலைக்கு உடந்தையானவள். எண்ணச் சுழற்சி நோயாளரோ ஏதும் செய்யாதவர். நடவாத ஒன்றிற்காகத் தம்மைத் தாமே விசாரணைக்கு உட்படுத்திக்கொண்டிருப்பவர். எத்தனை முறை விடுதலையானாலும் மறுபடியும் அழைக்கப்படும் விசாரணை அது. விசாரணை என்ற சொல்லின் பொருளை எம்மவர்க்கு விளக்கவேண்டியதில்லை.

இனி எமது சொற்களுக்கு வருவோம். கைகள் வெடித்து இரத்தம் கசியும்வரை கழுவும் பெண்ணை நாம் "நல்ல துப்புரவான பிள்ளை" என்கின்றோம். மூன்று மணித்தியாலம் பூசை அறையை விட்டு வெளியே வராதவரைப் "பக்திமான்" என்கின்றோம். வேலைக்குப் புறப்பட்டவர் நான்கு முறை திரும்பி வந்து கதவைத் தள்ளிப் பார்த்தால் "பொறுப்பானவர்" என்கின்றோம். நோய் முற்றி, புகழ்ச்சிக்கு இடமில்லாமற் போகும்போது ஒரே பாய்ச்சலில் "விசர்" என்ற சொல்லுக்குப் போய்விடுகின்றோம். இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் எமக்கு ஒரு சொல் இல்லை. அவ்விடைவெளியிலே பத்து, பதினைந்து ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

துப்புரவும் ஆசாரமும் நோயாகுமா என்று கேட்போருக்கு ஒன்று சொல்லலாம். ஆசாரத்திற்கு ஒரு முடிவு உண்டு. செத்தவீட்டுக்குப் போய் வந்தால் தலைக்குத் தண்ணீர் வார்க்கின்றோம்; அத்துடன் அது தீர்ந்தது. குடும்பத்தில் ஒருவர் இறந்தால் 31ஆம் நாள் அந்தியேட்டியுடன் துடக்குக் கழிகின்றது; மறுநாள் எவரும் அதனைப் பற்றி ஐயுறுவதில்லை. எமது முன்னோர் தீட்டை வகுத்தபோது அது தீரும் நாளையும் உடன் வகுத்தே வைத்தனர். நோயின் துடக்குக்கு 31ஆம் நாள் கிடையாது. தண்ணீர் வார்த்த பின்னர், வார்த்தது சரிதானா என்ற ஐயம் வரும். வாளி சுத்தமானதா என்ற ஐயம் வரும். குழாயைத் தொட்ட கை என்னாவது என்ற ஐயம் வரும். செய்பவருக்கு அதில் நிறைவில்லை. இந்த வேறுபாட்டை ஊன்றி நோக்கினால், பக்தியையும் நோயையும் பிரித்தறிவது பெரும்பாலான குடும்பங்களுக்குக் கடினமன்று.

கழுவுதலும் பூட்டுதலும் கண்ணுக்குத் தெரிகின்றன. தெரியாதவையே கூடுதலான துயரம் தருவன. கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் தாயின் மனத்தில், இதனை நீரில் அமிழ்த்திவிடுவேனோ என்ற எண்ணம் மின்னலென வந்து போகின்றது. அவர் நடுங்கிப்போகின்றார். அடுத்த நாள் குழந்தையைத் தூக்கவே அஞ்சுகின்றார். கத்திகளை ஒளித்து வைக்கின்றார். கோயிலில் தீபாராதனை நேரத்தில் அருவருப்பான காட்சி மனத்தில் எழுந்த முதியவர் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிடுகின்றார். இவர்கள் கெட்டவர்களல்லர், தாம் மிகவும் நேசிப்பதைப் பற்றியே இவ்வெண்ணங்கள் வருகின்றன. ஆங்கிலக் கிறிஸ்தவ எழுத்தாளரான ஜோன் பனியன் 1666இல் வெளியிட்ட தம் வாழ்க்கைச் சரிதையில், தெய்வ நிந்தனையான எண்ணங்கள் ஆண்டுக்கணக்காகத் தம்மை வதைத்ததை விரிவாக எழுதியிருக்கின்றார்.

1978இல் லண்டனில் ஸ்ரான்லி ரக்மன் என்பாரும் பத்மால் டி சில்வா என்பாரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பின்னவர் இலங்கையிற் பிறந்து லண்டனில் பணியாற்றிய சிங்கள உளவியலாளர், 2007இற் காலமானவர். நோய் எதுவும் இல்லாத சாதாரண மக்களிடம் வினவியபோது, ஐவரில் நால்வர் அளவில் இத்தகைய தகாத எண்ணங்கள் தமக்கும் வருவதுண்டு எனக் கூறினர். எண்ணத்தின் உள்ளடக்கத்தில் நோயாளருக்கும் ஏனையோருக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஏனையோர் "என்ன கூத்து இது" என்று விட்டுவிடுகின்றனர். நோயாளரால் விட முடிவதில்லை. இந்த ஓர் உண்மை மட்டும் அந்தத் தாய்க்கு எட்டியிருந்தால் அவருடைய இரவுகள் சில எளிதாகியிருக்கும்.

அந்தத் தாய் வைத்தியரிடம் போகின்றார் என்று கொள்வோம். ஆங்கிலம் போதாது. மொழிபெயர்ப்பாளர் தேவை. இங்கேதான் தமிழ் படிப்பித்தவன் என்ற முறையில் எனக்குச் சொல்ல ஒன்று உண்டு. "பிள்ளையைக் கொல்ல நினைக்கிறேன்" என்பதும், "பிள்ளையைக் கொன்றுபோடுவேனோ என்ற நினைப்பு எனக்கு வருகிறது" என்பதும் ஒன்றல்ல. முன்னைய வாக்கியத்தில் எழுவாய் 'நான்'. நினைத்தல் என் செயல். பின்னையதில் எழுவாய் 'நினைப்பு'. நான் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கின்றேன். காய்ச்சல் வருகின்றது, தலையிடி வருகின்றது என்பது போல நினைப்பும் வருகின்றது. 'போடுவேனோ' என்பதன் ஈற்றிலுள்ள ஓகாரம் ஐயப் பொருளைத் தருகின்றது. நோயின் இயல்பு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கின்றது. அவசரத்தில் மொழிபெயர்ப்பவர் இதனைச் சுருக்கி, அவர் பிள்ளையைக் கொல்ல எண்ணுகின்றார் என்று ஆங்கிலத்திற் சொல்லிவிட்டால், வைத்தியரின் கை வேறொரு படிவத்தை நாடும். அனுபவமுள்ள மனநல மருத்துவர் இரண்டு கேள்விகளில் உண்மையைக் கண்டுகொள்வார். எல்லா இடத்திலும் அனுபவமுள்ளவர் அமர்ந்திருப்பதில்லை. பிள்ளையைப் பறித்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் எமது தாய்மார் வாய் திறவாமலே திரும்பிவிடுகின்றனர்.

பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்கி அழைத்துச் செல்லும் வழக்கமும் எம்மிடையே தொடர்கின்றது. தன் தாய் தன்னைப் பற்றி இப்படி எண்ணுகின்றாள் என்பதை அந்தப் பிள்ளையே வைத்தியருக்குச் சொல்லவேண்டுமா? தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளருக்கு நோயாளர் பணம் செலுத்த வேண்டியதில்லை. சந்திப்புக்கு நேரம் பெறும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். ஆணா பெண்ணா என்பதையும் குறிப்பிட்டுக் கேட்கலாம். எமது சமூகம் சிறியது. மொழிபெயர்க்க வருபவர் தெரிந்தவராக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற தயக்கம் நியாயமானது. அவ்வாறாயின் தொலைபேசி வழியாக வேறு ஊரிலிருக்கும் ஒருவரை ஒழுங்கு செய்யுமாறு கேட்கலாம்.

இன்னுமொரு தடை உண்டு. அது எமது வரலாற்றிலிருந்து எழுவது. இலங்கையிலிருந்து வந்த அகதி என்றவுடன் வைத்தியரின் மனம் போரையே நாடுகின்றது. உறக்கமின்மை, பதகளிப்பு, கதவை மீள மீளப் பூட்டுதல் யாவும் போரின் வடுவென்று எழுதப்பட்டுவிடுகின்றன. பலருக்கு அது உண்மையே. இரண்டு நோயும் ஒருவரிலேயே இருத்தலும் கூடும். ஆயினும் இரண்டுக்கும் சிகிச்சை வேறு. கண்ட கொடுமையை மீள நினைந்து நடுங்குவது ஒன்று. ஒருபோதும் நடவாததை நடந்துவிடுமோ என்றஞ்சிக் கழுவிக்கொண்டிருப்பது மற்றொன்று. எல்லாவற்றையும் போரின் கணக்கில் எழுதுவதில் நாமும் பின்னிற்பதில்லை. அவ்வாறு எழுதினால் வெட்கம் குறைகின்றது.

சிகிச்சை யாது? 1966இல் லண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் விக்ரர் மேயர் என்ற உளவியலாளர், நீண்டகாலம் குணமடையாதிருந்த இரு நோயாளரை, தாதியரின் துணையுடன், அவர்கள் அஞ்சியவற்றை எதிர்கொள்ளச் செய்து, அதன் பின் வழக்கமான செயலைச் செய்யாதிருக்கப் பழக்கினார். இருவரும் தேறினர். அதுவரை தீராத நோய் எனக் கருதப்பட்டது இது. அவ்வழியே இன்று 'எக்ஸ்போஷர் அன்ட் ரெஸ்பொன்ஸ் பிரிவென்ஷன்', சுருக்கமாக ஈ.ஆர்.பி. எனப்படுகின்றது. கதவின் கைபிடியைத் தொடு, ஆனால் கழுவாதே என்று சிறிதிலிருந்து தொடங்கிப் படிப்படியாக ஏறுவது. பதகளிப்பு முதலிற் கூடும். கழுவாமலேயே பிறகு தானாக இறங்கும். அதனை மனம் அனுபவித்து அறியவேண்டும். எவரும் சொல்லிக்கொடுத்து அறிவதன்று. நைஸ் என்னும் தேசிய வழிகாட்டு நிறுவனம் 2005 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டலில் இந்த முறை அடங்கிய சீ.பீ.ரி. சிகிச்சையும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகளுமே பரிந்துரைக்கப்பட்டுள்ளன. ஃபுளூஒக்செற்றின், சேற்றலின் போன்றவை இவ்வகையின. மனச்சோர்வுக்குக் கொடுப்பதிலும் கூடிய அளவு இந்நோய்க்குத் தேவைப்படுவதுண்டு. பலன் தெரிய 12 வாரங்கள் வரை செல்லலாம். மூன்றாம் வாரத்தில் "இது வேலை செய்யவில்லை" என்று மாத்திரையைக் குப்பையில் போடுவோர் அறியவேண்டிய செய்தி இது. நிறுத்துவதாயினும் வைத்தியரைக் கேட்டுப் படிப்படியாகவே நிறுத்தவேண்டும்.

வெறுமனே ஆறுதல் கூறும் 'கவுன்சிலிங்' இந்நோய்க்குப் போதியதன்று. "ஒன்றும் நடவாது, பயப்படாதீர்கள்" என்ற ஆறுதல் கழுவுதலின் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளக்கூடும். எனவே எந்தச் சிகிச்சை என்று பெயர் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு அன்று.

கேட்டவுடன் கிடைத்துவிடுமா? இல்லை. இங்கிலாந்தில் ஜீ.பி.யிடம் பதிவு செய்த எவரும், அவருடைய கடிதம் இல்லாமலே, 'ரோக்கிங் தெரப்பீஸ்' என்னும் சேவைக்குத் தாமாக விண்ணப்பிக்கலாம். 75 வீதமானோர் 6 வாரங்களுக்குள்ளும் 95 வீதமானோர் 18 வாரங்களுக்குள்ளும் சிகிச்சை தொடங்கவேண்டும் என்பது அச்சேவையின் இலக்கு. இலக்கு முதற் சந்திப்பை வைத்தே அளக்கப்படுகின்றது. முதலாம் சந்திப்புக்கும் இரண்டாம் சந்திப்புக்கும் இடையில் மாதக்கணக்காகக் காத்திருந்தோர் பலர். தமிழ் பேசும் சிகிச்சையாளர் மிகச் சிலரே. மொழிபெயர்ப்பாளர் மூலம் நடப்பதாயின் ஒரே மொழிபெயர்ப்பாளர் எல்லா அமர்வுகளுக்கும் வருவது அவசியம். கதவுக் கைபிடியைப் பற்றி ஒவ்வொரு வாரமும் புதியவர் ஒருவருக்கு முதலிலிருந்து விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

தஞ்சம் கோரி முடிவுக்குக் காத்திருப்போரின் நிலை இன்னும் இடர்மிக்கது. நான் அறிந்த இளைஞர் ஒருவர் ஆறு பேர் வசிக்கும் வீடொன்றில் அமர்த்தப்பட்டிருந்தார். குளியலறை ஒன்று. இவர் அதிகாலை நான்கு மணிக்கு உள்ளே போனால் ஏழு மணிக்கே வெளியே வருவார். மற்றவர்கள் கதவைத் தட்டினால், தட்டிய ஓசையில் எண்ணிக்கை பிழைத்துவிட, மறுபடியும் தொடக்கத்திலிருந்து கழுவுவார். சண்டை மூண்டது. ஊர் மாற்றினார்கள். முன்னைய ஊரில் ஏழு மாதம் காத்திருந்த பெயர் அந்த ஊர்ப் பட்டியலிலேயே நின்றுவிட்டது. புதிய ஊரில் புதிய வரிசை. அங்கிருந்தும் மாற்றப்பட்டார். ஈராண்டுக்குள் மூன்று வரிசைகளில் நின்றவர் சிகிச்சையாளர் ஒருவரையும் காணவில்லை. இடம் மாற்றப்படும்போது, முதலில் விண்ணப்பித்த திகதி குறிக்கப்பட்ட கடிதத்தின் பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. அத்திகதியைக் காட்டி, காத்திருந்த காலத்தைக் கணக்கில் எடுக்குமாறு புதிய ஊரில் வாதிடலாம். எப்போதும் வெற்றி கிட்டும் என்பதற்கில்லை, ஆயினும் கையில் தாள் இல்லாதவருக்கு வாதமே இல்லை.

இங்கிலாந்தில் ஜீ.பி.யிடம் பதிவதற்கு முகவரிச் சான்றோ அடையாள ஆவணமோ வதிவிட அனுமதியோ கட்டாயமில்லை. அகதியாக ஏற்கப்பட்டோருக்கும் கோரிக்கை நிலுவையில் உள்ளோருக்கும் வைத்தியசாலைச் சிகிச்சையும் கட்டணமற்றது. கோரிக்கை மறுக்கப்பட்டோருக்கு ஜீ.பி. சேவை இலவசம், மேற்சிகிச்சைக்குச் சிலரிடம் பணம் கேட்கப்படலாம் என்பதால் அவர்கள் முன்கூட்டியே ஆலோசனை பெறுவது நன்று. மருந்துக்கான கட்டணத்திலிருந்து விலக்கு அளிக்கும் எச்.சீ.2 என்ற சான்றிதழும் உண்டு.

வீட்டாரைப் பற்றியும் சொல்லவேண்டும். நோயாளரின் மீதுள்ள அன்பினாலே குடும்பம் முழுவதும் நோயின் சட்டத்திற்குள் வந்துவிடுகின்றது. தகப்பன் வேலையால் வந்ததும் வாசலிலேயே உடுப்பு மாற்றுகின்றார். தாய் ஒரு நாளில் நாற்பது முறை "ஓம், பூட்டியாயிற்று" என்கின்றார். தங்கை கதிரையின் ஒரு பக்கத்திலேயே அமர்கின்றாள். சண்டையைத் தவிர்ப்பதற்காகச் செய்யப்படும் இவை யாவும் நோய்க்கு உரமாகின்றன. இதைக் கேட்டுவிட்டு நாளை காலையே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதும் கொடுமை. சிகிச்சையாளருடன் திட்டமிட்டு, நோயாளரின் சம்மதத்துடன், ஒன்று ஒன்றாகவே விலகவேண்டும். அதுவரை அடித்தும் திட்டியும் திருத்த முயலாதிருந்தால் போதும். கலியாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்ற மருந்து எம்மவரின் சொந்தக் கண்டுபிடிப்பு. அதனால் ஒரு நோயாளரின் இடத்தில் இரண்டு துன்புறுவோர் உருவானதே மிச்சம்.

சாத்திரியாரிடமும் செய்வினை கழிப்பவரிடமும் நூற்றுக்கணக்கான பவுண்களைச் செலவிட்ட பின்னரே பல குடும்பங்கள் வைத்தியரிடம் வருகின்றன. கோயிலுக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆசாரத்திற்கும் நோய்க்கும் இடையிலான எல்லை தெளிவில்லாதபோது, நோயாளரின் சம்மதத்துடன் அவரது மதப் பெரியவரின் ஆலோசனையை நாடலாம் என்று மேற்சொன்ன வழிகாட்டலே மருத்துவருக்குக் கூறுகின்றது. "ஒருமுறை கழுவினால் போதும், அதற்கு மேல் சாத்திரம் கேட்கவில்லை" என்று குருக்கள் ஒருவர் சொல்வது, எந்த வைத்தியர் சொல்வதிலும் கூடிய பயனைத் தரக்கூடும். எமது ஆலய பரிபாலன சபைகள் தேர்த் திருவிழா மலரில் ஒரு பக்கத்தை இதற்கு ஒதுக்கினால் என்ன? தமிழ்ப் பாடசாலைகள் பெற்றோர் கூட்டத்தில் அரை மணித்தியாலம் ஒதுக்கினால் என்ன?

உயிரை மாய்த்துக்கொள்ளும் விருப்பம் எழுந்தாலோ, குரல்கள் கேட்டுக் கட்டளையிட்டாலோ அது வேறு. வரிசைக்குக் காத்திராமல் 111ஐ அழைத்து 2ஐ அழுத்தவேண்டும், உயிருக்கு உடனடி ஆபத்தெனில் 999.

ஏனையோர், ஜீ.பி.யிடம் கிடைக்கும் பத்து நிமிடத்திற்கு முன்னதாகவே ஒரு தாளில் எழுதிக்கொள்வது நன்று. என்ன எண்ணம் வருகின்றது, அதனைத் தணிக்க என்ன செய்கின்றேன், நாளில் எத்தனை மணித்தியாலம் போகின்றது, அதனால் எதை இழந்திருக்கின்றேன் என்பவற்றைத் தமிழிலேயே, "எனக்கு வருகிறது" என்ற வாக்கிய அமைப்பிலேயே எழுதி, மொழிபெயர்ப்பாளரைச் சொல்லுக்குச் சொல் வாசிக்கச் சொல்லவேண்டும். வைத்தியர் அடுத்த நோயாளரை அழைக்கும் முன்னர், ஓ.சீ.டி., ஈ.ஆர்.பி. ஆகிய இரண்டும் அவருடைய கணினியிற் பதியப்பட்டுள்ளனவா என்று கேட்டறிந்த பின்னரே கதிரையை விட்டு எழவேண்டும்.